ஃப்ரெண்ட்ஸ் எத்தனை பேர்னு கேக்காதீங்க, கூட இருக்கும்போது எப்படி இருக்கன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தென் மாவட்டத்துல ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கிறேன். காலேஜ் பேரு வேண்டாம், என் பேரும் வேண்டாம், போட்டா நாளைக்கு நான்தான் பிரின்சிபால் ரூம் வாசல்ல நிக்கணும். உங்க பேப்பர்ல மாணவர்கள் மனநலம் பத்தி அடிக்கடி எழுதறீங்க, நல்லது, ஆனா யாரு எழுதினாலும் கடைசில ஒரு வரி வந்துடுது, "மனசு விட்டுப் பேச நல்ல நண்பர்கள் இருந்தா போதும்"னு. அந்த வரியைப் பத்திதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளம்தான், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, ஆனா நடுவுல வர்ற கணக்கை மட்டும் வெட்டிடாதீங்க சார்.

2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல, 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற ஒவ்வொரு கல்வி நிறுவனத்துலயும் தகுதியுள்ள கவுன்சிலர் ஒருத்தராவது இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குல 2022ல மட்டும் 13,000க்கு மேல மாணவர்கள் தற்கொலை பண்ணிக்கிட்டாங்கன்னு இருக்கு, அதைப் பாத்தா கோர்ட் சொன்னது லேட்டுன்னுதான் சொல்லணும். ஆனா கவுன்சிலர் போட சம்பளம் கொடுக்கணும், கூகுள் ஃபார்ம் அனுப்ப நயா பைசா செலவில்ல. அதனால நிறைய எடத்துல முதல்ல வந்து எறங்கினது ஃபார்ம்தான்.

எங்ககிட்டயும் வந்துச்சு. "உங்களுக்கு நெருங்கிய நண்பர்கள் உள்ளனரா? ஆம் / இல்லை." அடுத்த கேள்வி, "எத்தனை பேர்?" அதுக்குக் கீழ நாலு வட்டம். அடுத்த பக்கத்துல அந்த நண்பரைப் பத்தி ஏழு கேள்வி, முடிஞ்சது. பசங்க எல்லாரும் கிளாஸ்லயே உக்காந்து ரெண்டு நிமிஷத்துல டிக் பண்ணிட்டாங்க, சாயங்காலமே பெரிய நீல வட்டமா ஒரு பை சார்ட் வந்துச்சு, நம்ம மாணவர்களுக்கு நண்பர்கள் இருக்காங்கன்னு ரிப்போர்ட் எழுதி, காலேஜுக்குத் தரம் போடற நாக் அமைப்புக்கான ஃபைல்ல வச்சாச்சு. நாக் டீம் வந்தா பக்கம் புரட்டுவாங்க, கலர் நல்லா இருக்கும்.

இதுல எனக்கு என்ன பிரச்சனைன்னா, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா இல்லையாங்கிறது ஒரு அளவே கிடையாது. சென்னைல "ரூட்டு தல" சமாச்சாரம் எல்லாருக்கும் தெரியும், இந்த நம்பர் பஸ் இந்த காலேஜோடதுன்னு ஒரு கூட்டம், அதுக்கு ஒரு தல, படிக்கட்டுல தாளம், அடுத்த ரூட்டுகாரனோட சண்டை, சில சமயம் பட்டாக்கத்தி வரைக்கும் போகுது. அந்தக் கூட்டத்துல நிக்கிற ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன்கிட்ட இந்த ஃபார்மைக் கொடுத்துப் பாருங்க. நெருங்கிய நண்பர்கள் இருக்காங்களா, ஆம். எத்தனை பேர், நாப்பது. நம்ம கணக்குப்படி அவன்தான் மாநிலத்துலயே மனசு நல்லா இருக்கிற பையன். அவனால "மச்சான் இன்னைக்கு நான் வரல, எனக்கு டெஸ்ட் இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியுமாங்கிறது அந்த ஃபார்ம்ல எங்கயும் இல்ல.

எங்க பக்கம் கத வேற மாதிரி. கையில ஜாதியைக் காட்டற கலர் கயிறு. 2024ல நீதிபதி சந்துரு கமிட்டி ஸ்கூல்ல கலர் கயிறெல்லாம் கூடாதுன்னு அறிக்கை கொடுத்தாங்க இல்லியா, அந்தப் பசங்கதான் பிளஸ் டூ முடிச்சு எங்க கிளாஸ்ல வந்து உக்கார்றாங்க. ஒரே ஜாதிப் பசங்க ஒண்ணா உக்காந்து ஒண்ணா சாப்பிட்டு ஒண்ணா பஸ் ஏறிப் போறாங்க, பாக்கறவங்களுக்கு என்னா ஒத்துமைன்னுதான் தோணும். அதுல ஒருத்தன் வேற பெஞ்ச் பையன்கூட லேப்ல பார்ட்னரா சேர்ந்தான்னு ஒரு வாரம் அவன்கிட்ட யாரும் பேசல. இதுவும் நட்புக் கணக்குலதான் சேருது.

சரி அப்ப எப்படித்தான் அளக்கிறதுன்னு கேப்பீங்க. இதுக்கு ரொம்ப நாளாவே ஒரு வழி இருக்கு சார், சைக்காலஜி டிபார்ட்மென்ட் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு எஸ்பிஎஸ்எஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல கணக்கு போட என்கிட்ட வருவாங்க, அப்படித்தான் எனக்கும் தெரிய வந்துச்சு. அமெரிக்காவுல ரோசெஸ்டர் யுனிவர்சிட்டில எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன்னு ரெண்டு பேர், எண்பதுகள்லேர்ந்து சொல்லிட்டு வர்றாங்க, வயித்துக்கு சோறு தண்ணி மாதிரி மனசுக்கும் மூணு அடிப்படைத் தேவை இருக்குன்னு. ஒண்ணு, நான் பண்றது என் இஷ்டப்படி பண்றேன், யாரும் என்னைப் பிடிச்சுத் தள்ளலங்கிற உணர்வு, அதை ஆட்டோனமின்னு சொல்றாங்க. ரெண்டாவது, என்னால முடியும், நான் உருப்படியான ஆளுங்கிறது, அது காம்பிடன்ஸ். மூணாவது, என்மேல பாசமா இருக்க ஆள் இருக்கு, நானும் ஒருத்தருக்கு வேண்டியவன்ங்கிறது, அது ரிலேட்டட்னஸ். இந்த மூணுல நம்ம ஊர்ல நட்புன்னாலே மூணாவதை மட்டும்தான் நெனைக்கிறோம். ஃபார்ம் போடறவங்களும் அதான்.

2000ல ஜெனிஃபர் லா கார்டியாவும் ரயன், டெசி எல்லாம் சேர்ந்து 9 கேள்வி வச்சு ஒரு ஸ்கேல் போட்டாங்க. ஒவ்வொரு தேவைக்கும் 3 கேள்வி, 1லேர்ந்து 7 வரைக்கும் மார்க். இதுல அழகு என்னன்னா பொதுவா "உனக்கு நண்பர்கள் எப்படி"ன்னு கேக்கவே மாட்டாங்க, ஒரு ஆளை மனசுல நெனைச்சுக்கோ, அந்த ஆள்கூட இருக்கும்போது நீ எப்படி இருக்க, அவ்வளவுதான் கேள்வி. நம்ம பேச்சுல சொன்னா, இவன்கூட இருக்கும்போது நான் நானா இருக்க முடியுது, எங்க போறது என்ன பண்றதுங்கிறதுல என் பேச்சும் எடுபடுது, நானும் கெட்டிக்காரன்தான்னு தோணுது, என்மேல அக்கறையா இருக்கான்னு தெரியுது, இந்த மாதிரி. கூடவே மூணு கேள்வி தலைகீழா வரும், இவன்கூட இருந்தா இப்படித்தான் இருக்கணும்னு ஒரு அழுத்தம் இருக்கு, நான் லாயக்கில்லாதவன்னு அடிக்கடி தோணுது, எங்களுக்கு நடுவுல ஏதோ தூரம் இருக்குன்னு. அப்புறம் அதே 9 கேள்வியை அம்மாவை நெனைச்சு, அப்பாவை நெனைச்சு, க்ளோஸ் ஃப்ரெண்டை நெனைச்சுன்னு தனித்தனியா போடச் சொல்வாங்க. ஒரே ஆள்தான், ஆனா அம்மாகிட்ட ஒரு நம்பர், ஃப்ரெண்டுகிட்ட வேற நம்பர் வருது, யார்கிட்ட தேவை நிறையுதோ அவங்ககிட்டதான் மனசும் ஒட்டுதுன்னு அந்த ஆராய்ச்சில வந்துச்சு. அப்ப ஒரு பையனை "இவன் ஒட்டாத டைப்பு"ன்னு முத்திரை குத்துறதே தப்பு, யார்கிட்ட ஒட்டல யார்கிட்ட ஒட்டுறான்னு பாக்கணும்.

தலைகீழ் கேள்விக்கு இன்னொரு உபயோகமும் இருக்கு, வாத்தியாருங்களுக்குத் தெரியும். எல்லாத்துக்கும் கடகடன்னு 7 போட்டுட்டு கேன்டீனுக்கு ஓடுறவன் அங்க மாட்டிக்குவான், "நான் நானா இருக்க முடியுது"க்கும் 7, "அழுத்தம் இருக்கு"க்கும் 7. ஆனா அந்தக் கேள்விகளை தமிழ்ல போடும்போது "இல்லாமல் இருப்பதில்லை"ன்னு ரெட்டை எதிர்மறைல போட்டுத் தொலைச்சுடறாங்க, அப்ப ஒழுங்கா படிக்கிற பையனும் குழம்பிடறான், கேள்விகள் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டற ஆல்ஃபாங்கிற நம்பர் கீழ விழுந்துடும், உடனே "சார் இந்த ஐட்டத்தை தூக்கிடலாமா"ன்னு வருவாங்க. தூக்கக் கூடாது, வாக்கியத்தை மாத்தி எழுதணும், அப்புறம் ஒரு பத்துப் பசங்களை உக்கார வச்சு வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேக்கணும், எங்க தடுக்கி விழுறாங்கன்னு அப்பத் தெரியும்.

இப்ப கணக்குக்கு வரேன். ஒரு பொண்ணுக்கு பாசம் 7, என்னால முடியும்ங்கிறது 7, இஷ்டப்படி இருக்கிறது 1. கூட்டினா 15, மூணால வகுத்தா 5. இன்னொரு பொண்ணுக்கு 5, 5, 5. அதுவும் ஆவரேஜ் 5தான். எக்செல் ஷீட்ல ரெண்டு பேரும் ஒரே ஆளு. நிஜத்துல முதல் பொண்ணு ஒரு ஃப்ரெண்டு பிடியில மாட்டிக்கிட்டு இருக்கா, எந்த டிரஸ் போடணும், யார்கிட்ட பேசணும், இன்ஸ்டால யார் ஸ்டோரிக்கு லைக் போடலாம் எல்லாம் அந்த ஃப்ரெண்டுதான் முடிவு பண்றா, ஆனா ரொம்பப் பாசம். 2006ல ஷெல்டன், நீமியெக்னு ரெண்டு பேர் இதையே எடுத்துப் பாத்திருக்காங்க, மொத்தம் ஒண்ணா இருந்தாலும் மூணும் ஏறக்குறைய சமமா கிடைக்கிறவங்க மனநிலை, ஏத்த எறக்கமா கிடைக்கிறவங்களைவிட நல்லா இருக்குன்னு. அதனால மூணையும் கலக்கி ஒரே நம்பரா கொடுக்கிற எந்த ரிப்போர்ட்டையும் நான் நம்ப மாட்டேன். மூணு பார் தனித்தனியா போடுங்க, கூடவே எவ்வளவு சிதறியிருக்குன்னும் போடுங்க, ஆவரேஜ் மட்டும் போட்டா அடியில கிடக்கிற பசங்க யாருமே கண்ணுல பட மாட்டாங்க, நமக்கு வேண்டியதே அவங்கதானே.

ரெண்டாவது தேவையைப் பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும், ஏன்னா அதை யாருமே நட்போட சேர்த்துப் பாக்கிறதில்ல. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாடு முழுக்க எடுத்தா 28.4தான். பெருமையான விஷயம். இதுக்கு உள்ள இருக்கிற அர்த்தம் என்னன்னா எங்க கிளாஸ்ல நிறைய பேருக்கு வீட்ல காலேஜ் வாசல் மிதிச்ச முதல் ஆள் அவங்கதான். இன்டர்னல்னா என்ன, அரியர் வச்சா என்ன ஆகும், டிசி எப்ப வாங்கணும், ஸ்காலர்ஷிப்புக்கு எந்த சர்டிஃபிகேட், எதையும் வீட்ல கேக்க முடியாது. பன்னண்டு வருஷம் தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்து இங்க இங்கிலீஷ்ல புரோபபிலிட்டி கேக்கிற புள்ளைக்கு முதல் செமஸ்டர் முழுக்க நான் முட்டாளோன்னு ஒரு சந்தேகம் ஓடிக்கிட்டே இருக்கும். அதைத் தீர்க்கிறது வாத்தியார் இல்ல சார், உண்மையைச் சொல்றேன், பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்டுதான்.

ஆனா ஃப்ரெண்டு உதவி பண்ணா காம்பிடன்ஸ் ஏறும்னு நேரா சொல்லிட முடியாது, இங்கதான் சூட்சுமம். "நீ விடுடி, உனக்கு வராது, நான் எழுதித் தரேன்"னு ரெக்கார்ட் நோட்டை வாங்கி எழுதித் தர்றது ஒரு உதவி. "நீயே போடு, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், தப்பு வந்தா சொல்றேன்"ங்கிறது இன்னொரு உதவி. ரெண்டுலயும் ரெக்கார்ட் முடிஞ்சிடும், ரெண்டுலயும் பாசம் இருக்கு. "உங்கள் நண்பர் படிப்பில் உதவுகிறாரா"ன்னு ஃபார்ம்ல கேட்டா ரெண்டு பேருமே ஆம்னுதான் போடுவாங்க. "அவகூட இருக்கும்போது என்னால முடியும்னு தோணுதா"ன்னு கேட்டாதான் பிரிஞ்சு நிக்கும்.

அப்புறம் கலாய்க்கிறது. இது இல்லாம நம்ம ஊர் காலேஜ் நட்பே இல்ல, எனக்கும் பிடிக்கும், ஒருத்தனை கலாய்க்கிறாங்கன்னா அவனை கேங்ல சேர்த்தாச்சுன்னு அர்த்தம். ஆனா செமினார்ல ஒரு வார்த்தையை தப்பா உச்சரிச்சதுக்கு மூணு வருஷமா அந்த வார்த்தையே பட்டப்பேரா ஆகிப்போன பையனைக் கேளுங்க. சிரிச்சுக்கிட்டேதான் இருப்பான், கேங்லதான் இருப்பான், ரிலேட்டட்னஸ்ல நல்ல மார்க்கும் வரும், ஆனா அதுக்கப்புறம் அவன் மேடை ஏறியிருக்க மாட்டான். கேம்பஸ் இன்டர்வியூ குரூப் டிஸ்கஷன்ல வாயே தெறக்காம உக்காந்திருக்கிறவன்ல இந்த மாதிரி ஆளுங்க எத்தனை பேர்னு யாராவது அளந்தா நல்லா இருக்கும்.

இன்னொரு விஷயம், கிடைக்கலங்கிறது வேற, நசுக்கப்படுறதுங்கிறது வேற. 2015ல பெல்ஜியத்துல கென்ட் யுனிவர்சிட்டி ஆளுங்க முன்ன நின்னு பெல்ஜியம், சைனா, அமெரிக்கா, பெருன்னு நாலு நாட்டுல ஆயிரத்துக்கு மேல இளவட்டப் பசங்ககிட்ட 24 கேள்வி போட்டாங்க, ஒவ்வொரு தேவைக்கும் 4 கேள்வி நிறையுதான்னு, 4 கேள்வி மிதிபடுதான்னு. ஃப்ரெண்டு என் பேச்சைக் கேக்கலங்கிறது ஒரு அளவு, ஃப்ரெண்டு என்னை மிரட்டி வச்சிருக்கான்ங்கிறது வேற ஒரு அளவு, முதலாவதோட அடிமட்டம் ரெண்டாவது ஆகிடாது. தேவை நிறையுறது சந்தோஷத்தோட சேர்ந்து போகுது, தேவை மிதிபடுறது மனச்சோர்வோட சேர்ந்து போகுது. நம்ம ஃபார்ம்ல மிதிபடுறதைப் பத்தி ஒரு கேள்வியாவது இருக்கா? ராகிங் பத்தி மட்டும் கேப்பாங்க, அதுவும் சீனியர் பண்றது, கூடவே தூங்கி எந்திரிக்கிற ரூம்மேட் பண்றது எதுலயும் வராது.

ஸ்டாஃப் ரூம்ல இதைச் சொன்னப்ப ஒரு சீனியர் சொன்னாரு, "இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு தம்பி, நம்ம பசங்களுக்கு பாசம் போதும், ஆட்டோனமியெல்லாம் எதுக்கு"ன்னு. நான் மரியாதையாத்தான் பதில் சொன்னேன். ஆட்டோனமின்னா தனியாப் போறதுன்னு அர்த்தமில்ல, அப்பா சொன்ன கோர்ஸையே மனசார ஒத்துக்கிட்டு படிக்கிற பையனுக்கும் அது இருக்கு, ஃப்ரெண்டு சொன்ன படத்துக்கே விரும்பிப் போறவனுக்கும் இருக்கு. அந்த நாலு நாட்டு ஆராய்ச்சில இன்னொண்ணும் பாத்தாங்க, எனக்கு அது அவ்வளவா வேண்டாம்னு சொல்ற ஆளுங்களுக்கும் அந்தத் தேவை நிறையுறதும் மிதிபடுறதும் அதே மாதிரிதான் வேலை செய்யுதா இல்லையான்னு, அதே மாதிரிதான் செய்யுதுன்னு வந்துச்சு. வேண்டாம்னு சொல்றதால தேவை இல்லாமப் போயிடாது. அவரு சிரிச்சுட்டு டீயைக் குடிச்சாரு, ஒத்துக்கிட்டாரான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்வேன்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி 2006ல டெசி குரூப் பண்ணது. ரெண்டு நெருங்கின ஃப்ரெண்ட்ஸையும் ஜோடியா எடுத்து ரெண்டு பக்கமும் கேட்டாங்க, இவன் அவனோட இஷ்டத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறான், அவன் இவனுக்கு எவ்வளவு கொடுக்கிறான்னு. கிடைக்கிறவனுக்கு நல்லது, அது தெரிஞ்சதுதான். கொடுக்கிறவனுக்கும் நல்லது, அதுவும் மனநலம்னு வரும்போது வாங்கறதைவிட கொடுக்கிறதுதான் கூடுதலா ஒத்துப்போச்சு. ஆனா நம்ம ஃபார்ம் எல்லாமே "உனக்கு என்ன கிடைச்சுது"ன்னுதான் கேக்குது, "நீ உன் ஃப்ரெண்டை எப்படி நடத்தற"ன்னு கேக்கிறதே இல்ல. கேட்டா அந்த மிரட்டி வச்சிருக்கிற பையனும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாப்பான்ல.

ஒண்ணு சொல்லிடறேன், ஸ்டாட்ஸ் வாத்தியாரா இருந்துட்டு இதைச் சொல்லாம விட முடியாது. நல்ல நட்பு இருக்கிறவன் சந்தோஷமா இருக்கான்னு வந்தா நட்புதான் சந்தோஷத்தைக் கொடுத்துச்சுன்னு ஆகிடாது, சந்தோஷமா இருக்கிறவன்கூட நாலு பேரு சேர்றாங்கன்னும் இருக்கலாம், வீட்ல காசு கஷ்டம் இல்லாததால ரெண்டும் சேர்ந்து வந்திருக்கலாம். 2010ல டெமிர், ஓஸ்டெமிர்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்ககிட்ட பாத்து, நட்பு நல்லா இருக்கிறதுக்கும் சந்தோஷத்துக்கும் நடுவுல பாலமா நிக்கிறது இந்தத் தேவைகள் நிறையுறதுதான்னு காட்டினாங்க, பெஸ்ட் ஃப்ரெண்டுகிட்ட மத்த க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸைவிட அதிகமா நிறையுதுன்னும் சொன்னாங்க. நல்ல வேலை, ஆனா ஒரு தடவை கேட்ட கேள்வியை வச்சு எது முன்ன எது பின்னன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதுக்கு திரும்பத் திரும்பக் கேக்கணும்.

திரும்பக் கேக்கிறதும் ஒண்ணும் பெரிய வேலையில்ல. 2000லயே ஹேரி ரீஸ் குழு 76 காலேஜ் மாணவர்களை 14 நாள் தினமும் ராத்திரி எழுத வச்சாங்க, இன்னைக்கு யாரோட என்ன பேசின, மனசு எப்படி இருக்குன்னு. சும்மா நிறைய பேரோட இருந்த நாளைவிட, அர்த்தமா ஒரு பேச்சு பேசின நாள்லயும் நம்மளை ஒருத்தர் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு தோணின நாள்லயும்தான் நெருக்கம் நல்லா கிடைச்சுச்சுன்னு தெரிஞ்சுது. இப்ப எல்லார் கைலயும் போன் இருக்கு, ஹாஸ்டல்ல படுக்கப் போறதுக்கு முன்ன மூணு கேள்வி, ரெண்டு வாரம், இஷ்டம் இருக்கிற பசங்க மட்டும். எங்க காலேஜ்ல ஃபார்ம் அனுப்பினது ஆகஸ்ட் மாசம், ஃபர்ஸ்ட் இயர் புள்ளைங்க வந்து சேர்ந்து பெட்டியே பிரிக்கல, அதுக்குள்ள நெருங்கிய நண்பர் எத்தனைன்னா என்ன சொல்லும்? அதே புள்ளையை ஹாஸ்டல் ரூம் மாத்தின பிறகு கேட்டா வேற பதில் வரும், முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு கேட்டா வேற.

ஃபார்ம்ல "கல்லூரி நண்பர்"னு மட்டும் போட்டிருந்ததையும் சொல்லணும். எங்க டே ஸ்காலர் பசங்க நாலரை மணி டவுன் பஸ்ஸைப் பிடிச்சா ஏழு மணிக்கு வீடு, சில பேரு அப்படியே ஜவுளிக்கடைக்கோ டெலிவரி வேலைக்கோ போறாங்க, அவங்க ஃப்ரெண்டு பஸ்ல இருக்கான், கடைல இருக்கான், ஊர்ல பத்தாவதோட நின்னுட்ட பழைய கிளாஸ்மேட்டா இருக்கான், கேம்ல ராத்திரி சேர்ந்து வெளையாடற முகம் பாக்காத ஒருத்தனா கூட இருக்கான். அந்த நட்பெல்லாம் எங்க ரிப்போர்ட்ல பூஜ்யம்.

இதைவிடக் கொடுமை அந்தச் செவப்பு நட்சத்திரம். கூகுள் ஃபார்ம்ல கட்டாயம் பதில் சொல்லணும்னு போடுவாங்களே, அது. நண்பர் இல்லன்னு டிக் பண்ணிட்டு வந்த புள்ளைக்கு அடுத்த பக்கத்துல "உங்கள் நெருங்கிய நண்பரைப் பற்றி" ஏழு கேள்வி, எல்லாத்துலயும் நட்சத்திரம், பதில் போடாம சப்மிட் ஆகாது. அந்தப் புள்ள என்ன பண்ணும், திரும்பிப் போய் "ஆம்"னு மாத்தும், இல்லாத ஒரு ஃப்ரெண்டுக்கு மார்க் போடும். யாரைக் கண்டுபிடிக்கணும்னு இந்த சர்வே எடுக்கிறாங்களோ அந்தப் புள்ளையையே ஃபார்ம் அழிச்சுடுது. அதுக்கு மேல ரோல் நம்பர், காலேஜ் இ-மெயில் ஐடி, மென்டார் பேரு எல்லாம் கேட்டிருந்தாங்க, மென்டார் வேற பின்னாடி நின்னு "போட்டியா போட்டியா"ன்னு கேட்டுக்கிட்டு இருக்காரு. இதுல எவன் சார் "என் ஃப்ரெண்டு என்னைக் கட்டாயப்படுத்துறான்"னு போடுவான், அந்த ஃப்ரெண்டு பக்கத்துல உக்காந்து ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு இருக்கும்போது.

பேரே வேண்டாம்னா ஆபத்துல இருக்கிற பையனை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்விதான். அது வேற வேலை, அதுக்குத்தான் கவுன்சிலர், அதுக்குத்தான் 14416ங்கிற டெலி மானஸ் மனநல உதவி நம்பர், அதை ஃபார்ம் கடைசில பெருசா போடுங்க, வேணும்கிறவங்க தானா பேர் கொடுக்க ஒரு தனி லிங்க் வைங்க. அளக்கிற ஃபார்மையும் ஆள் பிடிக்கிற ஃபார்மையும் ஒண்ணாக்கினா ரெண்டும் கெட்டுப்போகும். ஃப்ரெண்ட்ஸ்தான் இருக்காங்களேன்னு கவுன்சிலர் போஸ்ட்டைத் தள்ளிப் போடறதையும் நிறுத்தணும், பத்தொம்பது வயசுப் பையன் ரூம்மேட்டோட டிப்ரஷனை ராத்திரி முழுக்க தூக்கிச் சுமந்துட்டு காலைல இன்டர்னல் எழுத வர்றதை நான் பாத்திருக்கேன், அவன் கண்ணைப் பாத்தா பேப்பர் திருத்தவே மனசு வராது.

ஒண்ணு மட்டும் ஆத்தாமை. பையனும் பொண்ணும் பேசினா ஐடி கார்டைப் பிடுங்குறது, தனித்தனி மாடிப்படி, ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டுறது, ஃப்ரெண்டோட பர்த்டேக்கு மொட்டை மாடில கேக் வெட்டினதுக்கு அப்பாவுக்கு போன் போடுறது, இப்படி நடத்துற காலேஜும் இருக்கு, அவங்களும் "உங்கள் நட்பு உங்களுக்கு நிறைவளிக்கிறதா"ன்னு சர்வே எடுக்கிறாங்க. அங்க குறைஞ்ச மார்க் வந்தா அது நட்போட குறையா? ஸ்கேல்ல இன்னொரு பகுதி சேருங்க, "இந்த காலேஜ்ல இருக்கும்போது நான் எப்படி இருக்கேன்"னு, அதே மூணு தேவை, அதே 1லேர்ந்து 7. அதைப் போட எந்த நிர்வாகத்துக்கும் தைரியம் இருக்கும்னு எனக்குத் தோணல.

காலேஜ் தரத்தைப் பாத்துக்கிற ஐக்யூஏசி குழுவோட கோஆர்டினேட்டர் யாராவது இதைப் படிச்சா, எல்லாத்தையும் மாத்தச் சொல்லல. உங்க காலேஜ்லயே சைக்காலஜி, சோஷியல் ஒர்க் படிக்கிற பசங்க இருப்பாங்க, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு தேடிக்கிட்டு இருப்பாங்க, நல்ல பேச்சுத் தமிழ்ல இந்தக் கேள்விகளை எழுதி சோதிச்சுப் பாக்கிற வேலையை அவங்ககிட்ட கொடுங்க, கைடு கூட இருக்கட்டும். அதுக்கு ஒரு வருஷம் ஆகும். அது வரைக்கும் இப்ப இருக்கிற ஃபார்ம்ல ரோல் நம்பர் கேக்கிற கட்டத்தை எடுத்துடுங்க, "நண்பர் இல்லை"ன்னு போடற புள்ளையை நேரா வேற பக்கத்துக்கு அனுப்புங்க, அந்த நட்சத்திரத்தை எடுங்க. கூகுள் ஃபார்ம்ல கேள்விக்குக் கீழ வலது ஓரத்துல ஒரு சின்ன ஸ்விட்ச்தான், தள்ளினா போயிடும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் உதவிப் பேராசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.
பெயர் வெளியிட வேண்டாம்.